கல் ஒட்டிய மலை வீடும் பின்னால் தேங்கும் தண்ணீரும்

ஏற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி சரிவுகளில் எழும் புது வில்லாக்களுக்கு ஏறக்குறைய ஒரே முகம்தான். காங்கிரீட் தூண், நடுவில் பிளாக் சுவர், அதன்மேல் 20 மி.மீ. கல். எட்ட நின்று பார்த்தால் பழைய எஸ்டேட் பங்களா மாதிரியே இருக்கும். அந்தப் பங்களாக்களில் கல்தான் சுவரே. ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் கலவை, சுவரைத் தாண்டி நீளும் ஓட்டுக் கூரை. நனைந்தாலும் காய்ந்துவிடும். புது வீட்டில் கல் வெறும் சட்டை. இணைப்புகள் வழியாக மழையும் பனியும் உள்ளே போகத்தான் செய்யும். வெளியே வர வழி வைத்தோமா என்பதுதான் கேள்வி.

முதலில் எடை. 20 மி.மீ. கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ, பின்னால் போகும் கலவை 3 கிலோ. 2,000 சதுர அடி ஒட்டினால் 16 டன். இத்தனையையும் பிடித்து நிற்பது பூச்சு. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் (1:6) கலந்து பூசிய சுவர் இதற்குப் போதாது, 1:4 வேண்டும். பெயிண்ட் அடித்த சுவராக இருந்தால் பெயிண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் கல் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 அங்குலம் ஏறும்படி கோழிவலை வைத்துப் பூச வேண்டும். அந்தக் கோட்டின் மேலேயே கல்லிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சிமெண்ட் போடாமல் சீலன்ட் (ரப்பர் போல வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை) அடைக்க வேண்டும். சீலன்ட் ‘நியூட்ரல் க்யூர்’ வகையா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் சில கற்களில் கறை விடும்.

ஒட்டும்போது நடக்கும் பெரிய தவறு, கல்லின் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து அமுக்குவது. வேலை வேகமாக முடியும், மட்டமும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே காலியிடம். அதில் தண்ணீர் நிற்கும், சிமெண்டிலுள்ள உப்பு கரைந்து முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். கல்லின் முதுகில் ஒட்டியிருக்கும் அறுப்புத் தூளைக் கம்பி பிரஷ்ஷால் கழுவி, பசையைப் பல் கரணையால் (விளிம்பில் பற்கள் வெட்டிய கரணை) சுவரிலும், மெல்லியதாகக் கல்லின் முதுகிலும் தடவி அழுத்துவதே முறை. பத்தடிக்கு மேலே போகும் கல்லுக்கும், ஒரு சதுர அடியைவிடப் பெரிய கல்லுக்கும் பசையை மட்டும் நம்ப வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு கிளிப் போடுங்கள். ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, இந்த ஈரத்தில் துருவேறும்.

வீட்டுச் சுவரைவிட ஆபத்தானது சரிவை வெட்டி எழுப்பும் தடுப்புச் சுவர். பத்தடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3 டன் அழுத்தம். மண்ணின் அழுத்தம் அதற்கு மேல் தனி. அதனால்தான் பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி நிரப்பி, நான்கைந்து அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் வைக்கிறார்கள். இன்ஜினியர் சரியாகத்தான் வைத்திருப்பார். கல் ஒட்ட வருபவர், ஓட்டை தெரிந்தால் அசிங்கம் என்று அதன்மேலேயே கல்லை வைத்து மூடிவிடுவார்! வீட்டுக்காரருக்கும் அதுதான் அழகாகத் தெரியும். அடுத்த ஐப்பசியில் சுவரின் வயிறு தள்ளும். ஒட்டும் முன்பே ஒவ்வொரு குழாய் வாயிலும் துண்டுக் குழாய் செருகி, கல்லின் முகத்தைத் தாண்டி ஓரங்குலம் நீட்டி வையுங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) இல்லாவிட்டால் சேறு இறங்கிக் குழாய் தானாகவே அடைபடும்.

மேலே, கைப்பிடிச் சுவரின் தலையில் பதிக்கும் கல் மொட்டை மாடிப் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். வெளி விளிம்பின் அடியில் வாட்டர் கட்டிங் (நீர் சுவரில் படாமல் சொட்டி விழ வெட்டும் பள்ளக்கோடு) இல்லையென்றால் மழைநீர் சுவரோடு வழிந்து, ஒரே வருடத்தில் கறுப்புக் கோடு விழும்.

கல் எது? ஒரு துண்டை நன்றாகக் காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஒரு கிலோ கல் 5 கிராம் ஏறினால் கவலையில்லை. 30, 40 கிராம் ஏறும் மணற்கல்லில் இந்த ஊர் மூடுபனிக்குப் பாசி நிச்சயம். சேர்வராயன் மலையின் சொந்தக் கல்லான சார்னோகைட் அதிகம் உறிஞ்சாது. அறுக்கக் கூலி கூடும், அவ்வளவுதான். பளபளக்கும் வார்னிஷ் வகை சீலர் வேண்டாம், உள்ளே போன ஈரத்தை அது சிறைவைக்கும். கல்லுக்குள் ஊறி, தண்ணீரைத் தள்ளி, ஆவியை வெளியே விடும் சிலேன்-சிலாக்ஸேன் வகையே போதும்.

வேலைக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. ஆரம்பிக்கும் முன் ஒரு மீட்டர் பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

ஏற்கெனவே கல் ஒட்டிய வீடு என்றால், மழைக்காலம் முடிந்ததும் கார் நிறுத்தும் பக்கத்திலிருந்தும் வாசல் மேலிருந்தும் தொடங்கி, மரச்சுத்தியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று வெற்றொலி வரும் கல்லைச் சாக்பீஸால் குறித்துக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள். விளிம்பில் மட்டும் சிமெண்ட் அடைத்து மூடினால், வருகிற தண்ணீருக்கு இருந்த ஒரே வழியும் போய்விடும்.