கீழ் இமையில் கத்தி வைப்பதற்கு முன்

கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை ஒரு விரலால் கன்னத்துப் பக்கம் இழுத்து, "இப்படி ஆனா போதும் டாக்டர்" என்பார்கள். கண் பைக்காக என்னிடம் வருகிறவர்களின் வழக்கமான தொடக்கம் இது. நான் கண்ணாடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தலையை ஆட்டாமல் கூரையைப் பார்க்கச் சொல்வேன். பார்வை மேலே போகப் போகப் பை உப்பினால், அது கண் குழியிலிருந்து முன்னால் பிதுங்குகிற கொழுப்பு. எங்கே பார்த்தாலும் மாறாமல், காலையில் பெரிதாகவும் மாலைக்குள் வடிந்தும் போனால் அது பெரும்பாலும் நீர் கோத்த வீக்கம். அதற்குக் கத்தியில் வேலை இல்லை. ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது கருவளையம். நேர் எதிரே டார்ச் அடித்ததும் கருமை மறைந்தால், அது பை விழுத்துகிற நிழல். பை போனால் நிழலும் போகும். வெளிச்சத்திலும் அப்படியே நின்றால் அது தோலின் நிறம். அறுவை சிகிச்சை அதைத் தொடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நன்றாக முடிந்த சிகிச்சைக்குப் பிறகும் "கருப்பு போகலையே" என்று முகம் வாடி வந்து உட்காருவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

கீழ் இமை பார்க்கத்தான் சின்ன இடம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. அதற்கடியில் கண்ணை மூடும் தசை, அதன் பின்னால் ஒரு தடுப்புச் சவ்வு, அதற்கும் பின்னால் மூன்று பொட்டலமாகக் கொழுப்பு: மூக்கோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வெளியோரம் ஒன்று. வயது ஏற ஏறச் சவ்வு தளர்கிறது, கொழுப்பு முன்னுக்கு வருகிறது, கன்னம் கீழே சரிகிறது. மேட்டுக்குக் கீழே பள்ளம் விழுந்ததும் முகம் எந்நேரமும் தூக்கமில்லாத முகமாகிவிடுகிறது. மூக்கோரப் பொட்டலத்துக்கும் நடுப் பொட்டலத்துக்கும் இடையில் கண்ணைச் சுழற்றும் தசை ஒன்று ஓடுகிறது. அதில் காயம் பட்டால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அந்தத் தசையைக் கண்ணால் கண்ட பிறகுதான் நான் கொழுப்பில் கை வைப்பேன்.

கொழுப்பை எட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெளிவழி: இமை மயிருக்கு 1, 2 மில்லிமீட்டர் கீழே கீறி, தோலையும் தசையையும் தூக்கி உள்ளே போவது. தழும்பு மங்கிவிடும், சரி. ஆனால் வெளியிலிருந்து உள்ளே போகும்போது ஒவ்வொரு அடுக்கிலும் காயம் படுகிறது. ஆறும்போது அது சுருங்கி இமையைக் கீழே இழுக்கலாம். இன்னொன்று உள்வழி: இமையைப் புரட்டி, உட்புறச் சவ்வில் கீறுவது. 1924இலேயே பிரான்ஸில் பூர்கே என்பவர் விவரித்த முறைதான். வெளியே தழும்பு கிடையாது, இமை இறங்கும் ஆபத்தும் குறைவு. தோல் உண்மையிலேயே மிஞ்சினால் மயிருக்குக் கீழே கொஞ்சம் கிள்ளிப் பிடித்து அதை மட்டும் எடுக்கலாம். எவ்வளவு என்பதை, வாயை ஆவென்று திறந்து மேலே பார்க்கச் சொல்லித்தான் கணக்கிடுவோம். அப்போது மிஞ்சுவதுதான் உண்மையான மிச்சம்.

கொழுப்பை என்ன செய்வது என்பதில் எங்கள் துறையே ஒரு தலைமுறைக் காலத்தில் மனம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பிதுங்குவதை வெட்டி எறிவதுதான் வழக்கம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அழகாக இருக்கும். அப்புறம் வயதோடு கன்னமும் வற்றும்போது கண் குழிவிழுந்து, நோயாளி போன்ற தோற்றம் வந்துவிடும். 1981இல் லோப் என்பவர் மூக்கோரக் கொழுப்பை எறியாமல் பள்ளத்துக்குள் நகர்த்திக் காட்டினார். 1995இல் ஹாம்ரா என்பவர் அதையே விரிவாக்கி, கொழுப்பை எலும்பு விளிம்பைத் தாண்டிக் கீழே பரப்பினார். மேட்டை எடுத்துப் பள்ளத்தை நிரப்பும் வேலை. நானும் இன்று பெரும்பாலும் அதையே செய்கிறேன். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கஞ்சத்தனமாக எடுக்கிறேன். குறைவாக எடுத்தால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக எடுத்ததைத் திரும்ப வைப்பது பெரும்பாடு.

எங்களுக்கு அதிகம் தலைவலி தருவது இமை இறங்குவதுதான். இரண்டு ஆணிகளுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறு மாதிரி கீழ் இமை இரு ஓரங்களிலும் எலும்போடு பிடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. வயதானால் கயிறு தளரும். தளர்ந்த கயிற்றில் தோலைக் கூடுதலாக வெட்டினால், கீழே இழுப்பதற்கு வேறெதுவும் தேவையில்லை. அதனால் இமையைக் கீழே இழுத்து விட்டுப் பார்க்கிறோம். கண் சிமிட்டாமலே அது சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். கிள்ளி முன்னால் இழுக்கும்போது விழியிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு மேல் விலகி வந்தால் நிச்சயம் தளர்ச்சிதான். பக்கவாட்டில் பார்க்கும்போது கன்ன எலும்பைவிட விழி முன்னால் துருத்தியிருந்தாலும் ஆபத்து அதிகம். இப்படிப்பட்டவர்களுக்கு வெளியோர முனையை எலும்புறையோடு சேர்த்து இறுக்கித் தைத்த பிறகே மற்ற வேலை.

வேறொரு இடத்தில் சிகிச்சை செய்துகொண்டு என்னிடம் வந்த ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. "தூங்கும்போது கண் திறந்தே இருக்குன்னு பொண்ணு சொல்றா. காலைல மண் விழுந்த மாதிரி உறுத்துது" என்றார். பழைய படத்தைப் பார்த்தால் அப்போதே இமை தளர்ந்துதான் இருந்தது. அங்கே கூடுதலாக வெட்டிய தோல் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. மாதக்கணக்கில் மசாஜ், சொட்டு மருந்து, அதற்குப் பின் மேல்வாய்ச் சவ்வை எடுத்து இமைக்குள் முட்டுக் கொடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று. கண் மூடுகிறது. ஆனால் பழைய கண் வரவில்லை.

மிக அரிது, ஆனால் பார்வையையே பறிக்கக்கூடியது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நடக்கும். மரத்துப்போகும் ஊசியோடு கலந்த அட்ரினலின், ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதன் வேகம் இறங்கியதும் கசிவு தொடங்கலாம். ஒரு கண்ணில் மட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி, கல் போல இறுகித் துருத்தும் விழி, மங்கும் பார்வை: இதில் எது வந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபட்டால் எங்கள் கையில் இருப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ஸ்கேனுக்குக் காத்திராமல் தையலைப் பிரித்து, இமையின் வெளியோர முனையை வெட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். அன்றிரவு கண்ணைக் கட்டுப்போட்டு மூட நான் சம்மதிக்காததும் இதனால்தான். பார்வை இருக்கிறதா என்று நோயாளி தானே பார்க்க முடிய வேண்டும்.

ஆகவே நீங்கள் சாப்பிடுவதையெல்லாம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மட்டுமல்ல, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்கிற மூலிகை மாத்திரை எல்லாமே. அதற்காக, ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கக் கூடாது. எழுதிக் கொடுத்த இதய மருத்துவரிடம் நாங்கள் பேசி முடிவு செய்வோம். பிபி கட்டுக்குள் இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைப்பேன். கண்ணாடியைக் கழற்ற லேசிக் என்கிற லேசர் சிகிச்சை செய்தவர்கள் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். கண் கீழ்ப் பள்ளத்தில் முன்பு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஊசி, போட்டிருந்தால் மறைக்காதீர்கள், அதையும் கொழுப்பென்று நினைத்து ஏமாறுவோம்.

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம், உயர்ந்த தலையணை. இரண்டு வாரம் குனிந்து பாரம் தூக்க வேண்டாம். ரத்தக்கட்டு நீலமாகி மஞ்சளாகி வடிய ஏறக்குறைய அதே காலம் ஆகும். வெள்ளைவிழி ஓரத்தில் ஜெல்லி மாதிரி சவ்வு வீங்கலாம், பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அடங்கும். இரண்டாவது வாரம் போன் வரும்: "ஒரு கண்ணு பெரிசா, ஒரு கண்ணு சின்னதா இருக்கு டாக்டர்." நேரில் வரச் சொல்லிப் பார்ப்பேன். அனேகமாக வீக்கம் ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி வடிந்திருக்கும். முன்-பின் ஒப்பிடும் படத்தை மூன்றாவது மாதத்துக்கு முன்னால் நான் எடுப்பதே இல்லை.