எம்ஓஏ: துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் 'மினிட்' நம்முடைய கலைதான்

அமெரிக்காவில் மலிவு விலை வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "இது எத்தனை எம்ஓஏ?" என்பது. சுட்ட குண்டுகள் எவ்வளவு சிதறி விழுகின்றன என்பதன் அளவு அது; எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் போன்ற ரைஃபிள்களை வீட்டிலேயே செம்மைப்படுத்துகிறவர்களும் ஒவ்வொரு வேலை முடிந்ததும் இந்த எண் குறைந்ததா என்றுதான் பார்ப்பார்கள். எம்ஓஏ என்பது 'மினிட் ஆஃப் ஆங்கிள்' என்பதன் சுருக்கம். இந்த மினிட்டுக்கும் கடிகாரத்துக்கும் தொடர்பில்லை. ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இந்த மினிட்.

அறுபது அறுபதாகப் பிரிக்கும் பழக்கம் பாபிலோனியர்களுடையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி அதே முறையில் வானியல் கணக்குகளைப் போட்டார். பின்னால் லத்தீனில் எழுதியவர்கள் பாகையை முதல்முறை அறுபதாகப் பிரித்ததை 'பார்ஸ் மினூட்டா ப்ரிமா', அதாவது முதல் சிறுகூறு என்றார்கள். அதை மறுபடி அறுபதாகப் பிரித்தது 'செகுண்டா', இரண்டாம் சிறுகூறு. மினிட்டும் செகண்டும் இப்படி வந்தவை.

தமிழில் இதற்குப் புதிதாகச் சொல் உண்டாக்க வேண்டியதே இல்லை. பஞ்சாங்கமும் ஜாதகக் கணிதமும் தெரிந்தவர்கள் கிரகம் நிற்கும் இடத்தைப் பாகை, கலை, விகலை என்றுதான் சொல்கிறார்கள். பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை. கலை என்றாலும் சிறு பங்கு என்றே பொருள். நிலவுக்குப் பதினாறு கலை என்கிறோமே, அதே சொல். வடமொழியிலிருந்து வந்ததுதான், ஆனாலும் தமிழில் ஊறிப்போனது. 'கோண நிமிடம்' என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் நிமிடம் என்றதும் மனம் நேரத்துக்குப் போய்விடுகிறது. கலை எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. ஓவியம், நாட்டியத்தோடு குழம்பும் இடங்களில் 'பாகைக்கலை' என்று சேர்த்து எழுதினால் போதும்.

கலையில் அளந்தவர்களில் பெரியவர் ஆரியபட்டர். வட்டத்தின் சுற்றளவை 21,600 கலையாக வைத்துக்கொண்டால் அதன் ஆரம் சுமார் 3,438 கலை. அவருடைய ஜியா (சைன்) அட்டவணையில் உள்ள வேறுபாடுகளைக் கூட்டினால் வருவது இந்த எண்தான். இன்று ஒருவர் தன் ரைஃபிளைச் சோதிக்கவும் இதே எண்தான் உதவுகிறது: இலக்கு இருக்கும் தூரத்தை 3,438ஆல் வகுத்தால், அந்தத் தூரத்தில் ஒரு கலை எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் பழகிய 100 கஜத்தில் 26.6 மில்லிமீட்டர், அதாவது 1.047 அங்குலம். அவர்கள் இதை ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்வார்கள். 100 கஜத்தில் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆயிரம் கஜத்தில் ஒரு கலைக்கு அரை அங்குலம் வரை பிசகும்.

கோணத்தில் அளப்பது ஏன்? குழலை விட்டுக் கிளம்பும் குண்டுகள் தூரம் போகப் போக ஒன்றிலிருந்து ஒன்று விலகிக்கொண்டே போகும். அங்குலத்தில் சொன்னால் எந்தத் தூரத்தில் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கலையில் சொன்னால் அந்தக் கவலை இல்லை. குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கியின் திருகும் பெரும்பாலும் ஒரு சொடுக்குக்குக் கால் கலை நகரும்படிதான் அமைந்திருக்கும்.

அளப்பது சுலபம். இலக்கில் விழுந்த துளைக் கூட்டத்தைக் கொத்து என்போம். ஐந்து குண்டு சுட்டு, இலக்கு அட்டையில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகிய இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு குண்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். 100 கஜத்தில் 61 மில்லிமீட்டர் வந்து, குண்டு 7.8 மில்லிமீட்டர் என்றால் மீதி 53.2. அது இரண்டு கலை.

வீட்டு வேலையில் பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்று குண்டு சுட்டு "ஒரு கலை" என்று மகிழ்கிறார்கள். அதே துப்பாக்கியில் ஐந்து குண்டு சுட்டால் கொத்து சராசரியாகக் கால் பங்குக்கும் சற்று அதிகமாக விரியும். பத்து சுட்டால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. எனவே வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில், ஒரே வகைத் தோட்டாவில், ஒன்றுக்கு மேற்பட்ட கொத்துகளைச் சுட்டு ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் எந்த மாற்றத்தையும் பாராட்டக் கூடாது.

வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகுகளையும், அடிக்கட்டையோடு இயக்கப் பகுதியை (தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் உலோகப் பகுதி) பிணைக்கும் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். அப்புறம் மூன்று நான்கு வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்க வேண்டும். சில சமயம் இது ஒன்றே கொத்தைக் கணிசமாகச் சுருக்கிவிடும். குழலில் படிந்த செம்பைக் கரைத்து எடுப்பதும் உதவும். மலிவுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் அடிக்கட்டை வளையக்கூடியது. மணல் மூட்டையில் சாய்த்ததும் அதன் முன்பகுதி குழலைத் தொட்டுவிடும். தொடும் இடத்தில் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றிப் போகும்படி செய்தால் சரி. இயக்கப் பகுதி அசையாமல் உட்கார எபாக்ஸி என்ற இறுகும் பசையை வார்ப்பதும் உண்டு, ஆனால் பூச்சு ஒட்டாதிருக்க மெழுகு தடவ மறந்தால் துப்பாக்கி கட்டையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். விரலால் இழுக்கும் விசையின் (ட்ரிகர்) பாகங்களைத் தேய்க்கும் வேலையை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். கைதவறினால் தானாக வெடிக்கும் துப்பாக்கியாகிவிடும்.

எத்தனை கலைக்கு இறங்கினால் போதும்? வெண்வால் மானின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் உள்ள இடம்) சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். இரண்டு கலைத் துப்பாக்கி 200 கஜத்தில் போடும் கொத்து 11 சென்டிமீட்டருக்குள். மான் வேட்டைக்கு இது தாராளம்.

'சப்-எம்ஓஏ' என்று விளம்பரங்களில் வருவதைத் தமிழில் 'கலைக்குள்' என்று எழுதலாம்: கலைக்குள் அடிக்கும் துப்பாக்கி, ஒன்றரைக் கலைக் கொத்து. எம்ஓஏவுக்குப் போட்டியாக இருக்கும் 'மில்' என்ற அளவையும் இதோடு இணைத்துக்கொள்ளலாம். ஆரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள வில்லுக்கான கோணம் அது. ஒரு மில் 3.438 கலை.