கொதிக்க வைத்தால் ஈயம் போகாது

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதால், பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "நாங்கள் நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம், அப்புறம் என்ன பயம்?" கிருமிக்கு அது போதும், ஈயத்துக்குப் போதாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், ஈயம் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

2014-இல் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகர மக்களுக்கும், தண்ணீரில் கிருமி தென்பட்டபோது, கொதிக்க வைத்துக் குடிக்கத்தான் சொன்னார்கள். மிச்சிகன் மாநிலத்தில் கார் தொழில் சரிந்து நொடித்துப்போன ஊர் அது. சுமார் ஒரு லட்சம் பேரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். நகர நிர்வாகம் மாநில அரசு நியமித்த அதிகாரியின் கையில் இருந்தது. செலவைக் குறைக்க, அந்த ஏப்ரலில் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஹூரான் ஏரித் தண்ணீரை விட்டுவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாறினார்கள்.

பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் நாளடைவில் ஒரு படிவு உண்டாகும். ஈயம் கரையாமல் தடுப்பது அதுதான். அதைக் காக்க டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்தார்கள், ஃப்ளின்ட்டில் சேர்க்கவில்லை. படிவு அரிபட்டு, ஈயம் வீடுகளுக்குள் வந்தது. இன்ஜின் பாகங்கள் அரிபடுகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த அக்டோபரிலேயே வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் காட்டிய தாய்மார்களுக்கோ, பயமில்லை என்ற பதில்தான். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

பரிசோதனையிலும் கோளாறு. ஈயத்துக்கு மாதிரி எடுக்க, குறைந்தது ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்து, வரும் முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்க வேண்டும். முந்தின இரவே சில நிமிடம் ஓடவிட்டால், தேங்கிய ஈயம் கழுவிப் போய் அறிக்கை நல்லதாக வந்துவிடும். அங்கே மக்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா சிறுவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார். ஈய அளவு கூடியிருந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. முதலில் அவரையே குறை சொன்னார்கள். அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. குழந்தையின் மூளையில் ஈயம் செய்த சேதத்தை மட்டும் திருப்ப முடியாது.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பழைய வீட்டில் குடியிருந்தால், தண்ணீர் உள்ளே வரும் குழாயை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளிபோல் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லையென்றால் அது ஈயமாக இருக்கலாம். உடனே பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள், சூட்டில் ஈயம் கூடுதலாகக் கரையும்.