வளர்ந்தவர்களுக்கு நீச்சல்: முதலில் மூச்சு, பிறகுதான் கையும் காலும்

"நாற்பது வயதாகிவிட்டது, இனிப் பழகலாமா?" வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தாராளமாகப் பழகலாம். ஆனால் வந்த அன்றே காலை அடித்து, கையை வீசி அடுத்த சுவரைத் தொட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். அதற்கு நான் சம்மதிப்பதில்லை.

பெரியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூச்சில். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது. அப்போது உடம்பில் ஒட்சிசன் தீர்ந்துபோயிருக்காது; வெளியேறாமல் சேரும் காபனீரொட்சைட்டுதான் அந்த முட்டலைத் தருகிறது. உடனே தலையைத் தூக்கி, விட வேண்டிய மூச்சையும் இழுக்க வேண்டிய மூச்சையும் ஒரே நொடியில் முடிக்கப் பார்க்கிறார்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும், கால்தான் பாரம். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் ஆள் நகர மாட்டார், களைத்துத்தான் போவார்.

அதனால் நெஞ்சளவு தண்ணீரில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து, மூக்கால் மெதுவாகக் குமிழி விடச் சொல்வேன். முகத்தை வெளியே எடுத்ததும் வாயால் இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். இது பதற்றமில்லாமல் வரும்வரை அடுத்த பாடம் கிடையாது.

மிதக்கப் பழக்கும் முன்பே, மிதந்தபடியிருந்து எழுந்து நிற்கப் பழக்குகிறேன். குப்புற மிதக்கும்போது தரை எங்கே என்று பிடிபடாது. இடுப்பளவு தண்ணீரிலும் ஆட்கள் பதறுவது அதனால்தான். முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி, இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்தி, கடைசியாகத் தலையைத் தூக்கினால் பாதம் தரையில் படும். ஓரத்தை விடவே மாட்டேன் என்று நின்ற ஓர் அக்கா, இது பிடிபட்டதும் யாரும் சொல்லாமலே கையை எடுத்துவிட்டார்.

இவ்வளவும் வந்தபின் காலடி சுலபம். இடுப்பிலிருந்து அடியுங்கள், கணுக்காலைத் தளர விடுங்கள், அவ்வளவுதான். பருத்தி உடையோடு இறங்க வேண்டாம், ஊறினால் இழுக்கும். உடம்பை முழுதாக மூடும் நீச்சலுடைகள் இருக்கின்றன.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு, யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடாதீர்கள். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்னரே நினைவு தப்பலாம். அடுத்தது, தடாகத்தில் பழகியதை வெள்ளவத்தைக் கடலிலோ கல்கிசைக் கடலிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். அதிலும் தென்மேல் பருவக்காற்றுக் காலமான மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூப்பிட மாட்டார், மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் நிற்காதபோது எப்படிக் கூப்பிடுவது? ஆகவே தடாகமானாலும் தனியே இறங்காதீர்கள். துணைக்கு வருகிறவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.