ஈரத்தில் ஷேடு பார்க்காதே

திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மெஷினிலிருந்து வெட்டி எடுத்த துணிப் பிட்டை எங்க மாஸ்டர் ஈரத்தோட பார்க்கவே மாட்டாருங்க. அயர்ன் பாக்ஸ் வச்சுக் காயவச்ச அப்புறம்தான் பார்ட்டி சாம்பிளோட ஒட்டிப் பார்ப்பார். தண்ணிக்கு நிறமே இல்லையே, அது எப்படிங்க ஷேடைக் கூட்டும்?"

தண்ணீர் சாயத்தைக் கூட்டுவதில்லை. ஒளி துணிக்குள் அலையும் தூரத்தைக் கூட்டுகிறது.

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது பள்ளிப் பாடம். கண்ணாடியில் கதிர்கள் ஒரே திக்கில் திரும்பும். துணியில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு பக்கம் வளைந்து கிடப்பதால் நாலாபுறமும் சிதறும். விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒளி ஏன் திரும்ப வேண்டும்? இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண் (ஒளி ஒரு பொருளுக்குள் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதன் அளவு) வேறுபடுவதால். பருத்திக்கு ஏறத்தாழ 1.55, காற்றுக்கு 1. இழைமேல் நேராக விழும் ஒளியில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பிவிடும். குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். 30-ஆம் நம்பர் நூல் ஒன்றைக் குறுக்கே வெட்டினாலே சுமார் நூறு இழை இருக்கும்; இழைக்கு இழை காற்று. இத்தனை எல்லைகளில் முட்டும் ஒளி அதிக ஆழம் போகாமலே வெளியே வந்துவிடும். இப்போது காற்று இருந்த இடத்தில் 1.33 எண் கொண்ட தண்ணீரை நிரப்புங்கள். ஓர் எல்லையில் திரும்பும் ஒளி 0.6 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. திருப்பிவிட ஆளில்லாமல் ஒளி உள்ளே உள்ளே போகிறது. வழியில் சந்திக்கும் ஒவ்வொரு இழையிலும் சாயம் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியும் தப்பி மேலே வரும் ஒளிக்கு இன்னொரு தடை. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். துணியின் மேல் படிந்த நீர்ப்படலத்திலிருந்து காற்றுக்குள் போக, செங்குத்திலிருந்து 48.6 டிகிரிக்கு உட்பட்ட கோணத்தில் வர வேண்டும்; அதைவிடச் சாய்ந்து வந்தால் முழு அக எதிரொளிப்பு. எல்லாத் திசையிலும் சிதறி வரும் ஒளியில் ஏறத்தாழப் பாதி இப்படித் துணிக்கே திரும்புகிறது. மறுபடி சாயம், மறுபடி சுங்கம். சுவீடன் வானிலையாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் 1925-இல் ஈர மண் ஏன் கருக்கிறது என்பதற்குச் சொன்ன விளக்கம் இது. (ஆங்ஸ்ட்ரோம் அலகுக்குப் பெயர் தந்தவர் இவருடைய தாத்தா.) கோடை மழை பெய்ததும் பல்லடம் பக்கத்துச் செம்மண் காடு ரத்தச் சிவப்பாவதும் இதே கணக்கில்தான்.

சாயமேறாத வெள்ளைப் பனியனில் ஒளியை விழுங்க ஆளில்லை. அதனால் அது கருப்பதைவிட அதிகமாக உடம்பைக் காட்டுகிறது.

காங்கேயம் பக்கம் பட்டை தீட்டாத கல்லை நனைத்துப் பார்ப்பார்கள். சொரசொரப்பான மேற்பரப்பில் நீர் நிரம்பினால் சிதறல் குறையும், உள்நிறம் தெரியும். பட்டை தீட்டுவது அந்த ஈரத்தை நிரந்தரமாக்கும் வேலை. நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் இருந்தது. அதே கல்லை ராசிக்கல் என்று பல மடங்கு விலைக்கு விற்கிறவர்களிடம் ஒளிவிலகல் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கல்லைப் பற்றி அளந்து சொல்லக்கூடிய ஒரே குணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளக்க முடிகிற குணம்.

இந்த வேலையில் தண்ணீரைவிட எண்ணெய் இன்னும் கெட்டி. தேங்காயெண்ணெய்க்கு 1.45, பருத்திக்கும் காகிதத்துக்கும் மேலும் நெருக்கம். பஜ்ஜி மடித்த காகிதத்தை மேசையில் வைத்தால் எண்ணெய்ப் பொட்டு கருப்பாகவும், ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சமாகவும் தெரியும். ஜெர்மன் வேதியியலர் புன்சன் அப்படியொரு பொட்டு வைத்த காகிதத்தை இரண்டு விளக்குகளுக்கு நடுவே நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்தினார். பொட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் இரு பக்க வெளிச்சமும் சமம். தூரத்தை அளந்தால் எந்த விளக்கு எத்தனை மடங்கு பிரகாசம் என்று கணக்கிட்டுவிடலாம்.