சொத்தையால் விழிக்கும் செல்கள்

ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் ஈறுக்குள்ளேயே படுத்துக்கிடந்தால் பல் மருத்துவர் அதைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கிய பல் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான் கிரான்தோஸ், சோங்டாவ் ஷி குழுவினர் அப்படிப்பட்ட பற்களின் உள்ளே இருந்த கூழை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அதில் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருந்தன. எலும்புத் தாதுவை ஒத்த ஒரு பொடியோடு கலந்து அவற்றை எலியின் தோலுக்கடியில் வைத்தபோது, அங்கே பல்லின் கடினப் பொருளான டென்டின் படிந்தது. அதை ஒட்டிப் பல்கூழ் போன்ற திசுவும் உருவானது. பல்லே இல்லாத இடத்தில்!

நம் பல்லின் பெரும்பகுதி டென்டின்தான். எனாமல் அதன் மேல் போர்த்திய கெட்டியான உறை. டென்டினுக்கு நடுவே, நரம்பும் ரத்தக் குழாய்களும் ஓடும் கூழ் இருக்கிறது. கூழின் ஓரத்தில் நெடுநெடுவென்று வரிசைகட்டி நிற்கும் செல்களுக்கு ஓடோன்டோபிளாஸ்ட் என்று பெயர். டென்டினைக் கட்டுவது இவைதான். முதலில் கொலாஜன் புரதத்தைப் பரப்புகின்றன; அப்புறம் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் இறுகுகின்றன. சாணம் மெழுகுகிறவர் ஈரத்தை மிதிக்காமல் பின்னால் நகர்ந்துகொண்டே போவது போல, இந்தச் செல்களும் கூழை நோக்கிப் பின்வாங்கியபடியே கட்டுகின்றன. பல் உருவாகும் காலத்தில் ஒரு நாள் வேலை சுமார் 4 மைக்ரோமீட்டர்.

முதிர்ந்த ஓடோன்டோபிளாஸ்ட் மறுபடி பிரிவதில்லை. அது செத்தால் அந்த இடத்துக்குக் கூழிலிருந்து புதுச் செல் வந்தாக வேண்டும். எனாமலுக்கு அந்த வழியும் இல்லை. அதைக் கட்டிய செல்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன.

சரி, ரத்தக் குழாய்களை ஒட்டிச் சும்மா இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு, வேலை வந்துவிட்டது என்று யார் சொல்வது? என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்: சொல்வது டென்டினே. அது உருவாகும்போதே டிஜிஎஃப்-பீட்டா, பிஎம்பி போன்ற சமிக்ஞைப் புரதங்கள் அதன் தாதுவுக்குள் பூட்டப்பட்டுவிடுகின்றன. எத்தனையோ வருடம் கழித்து, வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கி டென்டினைக் கரைக்கும்போது, அந்தப் புரதங்கள் விடுபட்டு டென்டினில் உள்ள நுண்குழாய்கள் வழியே கூழுக்கு வந்து சேர்கின்றன. சொத்தை மேலோட்டமாக இருந்தால் பழைய ஓடோன்டோபிளாஸ்ட்களே மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். ஆழமாகப் போய் அவையும் செத்துவிட்டால், ஸ்டெம் செல்கள் அந்த இடத்துக்கு நகர்கின்றன.

சமிக்ஞைப் புரதம் ஸ்டெம் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும், செய்தி உட்கரு வரை போகிறது. ரன்க்ஸ்2 என்னும் மரபணு முதலில் விழித்து, செல்லைக் கடினத் திசு கட்டும் பாதையில் திருப்புகிறது. ஆனால் அது கடைசி வரை ஓங்கி நிற்கக் கூடாது. அது தணிந்த பிறகே, டென்டினுக்கான புரதத்தைத் தரும் டிஎஸ்பிபி மரபணு முழுவீச்சில் இயங்கும். செல் நீள்கிறது, உட்கரு ஒரு முனைக்கு ஒதுங்குகிறது, மறுமுனையிலிருந்து டென்டினை நோக்கி ஒரு வால் நீள்கிறது. டிஎஸ்பிபி தரும் புரதத்தின் ஒரு துண்டு கால்சியத்தை வலுவாகப் பிடித்து இழுக்கும். இந்த மரபணு பழுதானவர்களுக்குப் பல் சாம்பலும் பழுப்புமாக மங்கி, சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது.

ஆய்வகத் தட்டில் வைட்டமின் சி, பாஸ்பேட், டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றைக் கொடுத்தால் சில வாரங்களில் இந்த ஸ்டெம் செல்கள் தாதுவைப் படியவைக்கும். அதை மட்டும் பார்த்து ஓடோன்டோபிளாஸ்ட் உருவாகிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எலும்பு கட்டும் செல்லும் அதையேதான் செய்யும். வரிசையும் வாலும் நுண்குழாயும் இருந்தால்தான் அது டென்டின்.

கிருமி முந்திக்கொண்டு கூழுக்குள் புகுந்துவிட்டால் இந்தப் பழுதுபார்ப்பு தோற்றுப்போகும். சுற்றிலும் கடினச் சுவர் என்பதால் வீங்கக்கூட இடமின்றிக் கூழ் சாகிறது. கூழை அகற்றிவிட்டு உள்ளே அடைக்கும் ரூட் கனால்தான் கதி. அதனால்தான் சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைக்கச் சொல்கிறார்கள்.

செத்த கூழைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியும் நடந்திருக்கிறது. சீனாவின் சியான் நகரில், அடிபட்டு முன்பல்லின் கூழ் செத்துப்போன சிறுவர்களுக்கு, அவர்களுடைய பால்பல்லிலிருந்தே எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களை மருத்துவர்கள் அந்தப் பல்லுக்குள் வைத்தார்கள். முடிவுகள் 2018-இல் வெளியாயின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வேர் நீண்டிருந்தது, உள்ளே ரத்தம் ஓடியது, பல்லுக்கு உணர்வும் திரும்பியிருந்தது.