டிஸ்போசல்: பட்டாளம் விட்ட வண்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

குமரி மாவட்டத்தின் குலசேகரம், கடையாலுமூடு, பேச்சிப்பாறை பக்கம் பழைய வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சட்டென்று வந்து விழும் சொல் ‘டிஸ்போசல்’. “அது டிஸ்போசல் லாரி”, “டிஸ்போசல்ல எடுத்த ஜீப்பு”, “டிஸ்போசல் தார்ப்பாய்” என்பார்கள். ராணுவம் பயன்படுத்தி முடித்து, ஏலத்தில் விற்று, வெளியாள் கைக்கு வந்த பொருள் என்று அர்த்தம். ‘மிலிட்டரி’ என்று முன்னால் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் சேர்க்காவிட்டாலும் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் குப்பை அகற்றுவதும் டிஸ்போசல்தான். நம் ஊர்ப் பேச்சில் அது பச்சை பெயின்ட் அடித்த வண்டியைத்தான் குறிக்கும்.

வேர் லத்தீன். ‘டிஸ்’ என்றால் தனித்தனியாக, ‘போனெரே’ என்றால் வைத்தல். பொருள்களைப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது என்பதுதான் ஆதிப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோதும் ஒழுங்குபடுத்துவது, ஏற்பாடு செய்வது என்ற கருத்து கூடவே போனது. ஒரு பொருளை ஒருவர் பொறுப்பில், அவர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விடுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. அகற்றுவது, ஒழித்துக்கட்டுவது என்பது அதன் பல பொருள்களில் ஒன்று மட்டுமே. தமிழாக்கம் செய்கிறவர்கள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்த சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

படைப் பொருளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நடந்த பெரும் விற்பனையில். பர்மாப் போர்முனைக்காக இந்தியாவில் வந்து இறங்கிய வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. கனடாவின் ஃபோர்டும் செவர்லேயும் சேர்ந்து நேச நாட்டுப் படைகளுக்காக ஒரே மாதிரி வடிவத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ லாரிகளைச் செய்தன. அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து செய்த ஜீப் 6 லட்சத்தைத் தாண்டும். 1945இல் போர் நின்றது, வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. திருப்பிக் கப்பலேற்றுகிற செலவை விட விற்றுவிடுவது மேல் என்று முடிவானது. வாங்குவதற்கும் விற்பதற்குமாக மத்திய அரசில் இருந்த அமைப்பின் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு: சப்ளைஸ் அண்ட் டிஸ்போசல்ஸ் தலைமை இயக்குநரகம். 1951இல் அந்த வடிவத்துக்கு வந்து, 2017 அக்டோபரில் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் பழைய ராணுவப் பொருள் விற்கும் கடையை டிஸ்போசல்ஸ் கடை என்றே சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் ‘சர்ப்ளஸ்’ என்பார்கள், அதாவது உபரி.

மேற்கு வங்கத்தில் பானாகர், அரியானாவில் மண்டி டப்வாலி என்று இந்த வியாபாரத்துக்கே பேர்போன ஊர்கள் வடக்கே உண்டு. நம் பக்கம் அப்படிப் பெரிய சந்தை எதுவும் இல்லை. ஆனால் மலை இருக்கிறது, மழை இருக்கிறது, தடி இருக்கிறது. (வெளி மாவட்டத்தாருக்கு: குமரியில் தடி என்றால் மரம், அறுக்கிற மரம்.) கேரளத்திலும் இங்கும் மரம் வெட்டும் காட்டுப்பகுதியைக் கூப்பு என்பார்கள். வெட்டுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல், வனத்துறை ஆங்கிலம் வழியாக வந்து நம் வாயில் இப்படி ஆனது. சாதாரண லாரிக்குப் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. கூப்புச் சேற்றில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ராணுவ வண்டிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும். அதற்கு மேல், இருக்கிற கியர்களை எல்லாம் இன்னொரு மடங்கு மெதுவாகவும் வலுவாகவும் மாற்றித் தருகிற இரண்டாவது கியர்பெட்டி ஒன்று உண்டு. பல வண்டிகளில் முன்னால் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சும் இருக்கும். தன்னையே தான் இழுத்துக்கொண்டு மேடேறுகிற வண்டியைக் காட்டு ஒப்பந்தக்காரர் விடுவாரா?

ஒரே குறை பெட்ரோல். போர்க்கால லாரிகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள், குடிக்கிற குடிக்குக் கணக்கே கிடையாது. 1950களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியதும் அதற்கு வழி பிறந்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுவது தென்னிந்திய வர்க்‌ஷாப்புகளில் தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது. எஞ்சின் தாங்கியை வெட்டி ஒட்டி, கிளச் உறையைப் பொருத்தி, ரேடியேட்டரை மாற்றி, பெயர்ப்பலகை கனடாவுடையது, இதயம் சென்னையுடையது என்ற நிலைக்கு அந்த வண்டிகள் வந்தன. இந்த மெக்கானிக்குகளின் வேலையைப் பற்றி எழுத்தில் பதிவே மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு வண்டியின் ஆயுளை இரட்டிப்பாக்கியவர்கள் அவர்கள்.

அடுத்த அலை உள்நாட்டு வண்டிகளுடையது. வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1959இல், ஜபல்பூரில் சக்திமான் லாரி வரத் தொடங்கியது. ஜெர்மனியின் மேன் நிறுவனத்து உரிமத்தில் செய்தது. ‘சக்தி’க்குப் பின்னால் ‘மான்’ வந்ததில் அந்த நிறுவனத்தின் பெயரும் ஒளிந்திருக்கிறது. 1990களின் நடுப்பகுதி வரை இதைச் செய்தார்கள். ஜோங்கா என்பது நிசான் பேட்ரோலின் இந்திய வடிவம். பெயர் ஏதோ ஆப்பிரிக்கச் சொல் மாதிரி ஒலித்தாலும் அது ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துக் கூட்டு. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இதற்கும் வெளியே வந்ததும் முதலில் நடப்பது டீசல் மாற்று சிகிச்சைதான். பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் பலர் லாரிகளை இந்தப் பெயர்களில் சொல்வதில்லை. தாங்கும் எடையை வைத்து ‘த்ரீ டன்’, ‘ஒன் டன்’ என்பார்கள். குமரியில் வீதிக்கொரு பட்டாளக்காரர் வீடு உண்டு என்பதால் இந்தச் சொற்களும் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்டன.

குலசேகரம் பக்கத்து வர்க்‌ஷாப் ஒன்றில் நிற்கிற சக்திமானைப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃப்ரன்ஷியல் உருண்டையில் பழைய வெள்ளைப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற ஓட்டுநர் இந்த வெள்ளை வட்டத்தை வைத்துத்தான் முன்வண்டியைத் தொடர்வார். அதன்மேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கும் இருக்கும், எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி. இப்போது அந்த உருண்டைக்கு மேலே ரப்பர் தடி. பால் வற்றிப்போன மரங்களை மறுநடவுக்காக வெட்டும்போது, தோட்டத்துச் செம்மண் பாதையில் தடியை இறக்கிக் கொண்டுவர இதைத்தான் கூப்பிடுகிறார்கள். “ஓடித் தேஞ்ச வண்டி இல்ல அண்ணே, நின்னுல்லா பழசாச்சு” என்றார் மெக்கானிக். அவர் சொன்னது மிகச் சரி. ராணுவ வண்டி வருடத்தில் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் கால அட்டவணைப்படி ஆயில் மாறும், கிரீஸ் ஏறும். வெளியே வரும்போது வயது அதிகம், ஓட்டம் குறைவு. சேசிஸ் தடிமன், மின்சார வேலை கொஞ்சம், ஸ்பேனரால் கழற்ற முடியாத பாகம் அரிது. இங்கே அதற்கு எதிரி கடல்காற்று ஒன்றுதான். குளச்சல் பக்கம் நிறுத்துகிற வண்டிக்கும் குலசேகரத்தில் நிறுத்துகிற வண்டிக்கும் அடித்தகட்டில் துரு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வண்டி மட்டுமல்ல. எஸ்டேட் ஜீப்பின் பின்னால் கட்டியிருக்கிற 20 லிட்டர் இரும்பு கேன் 1930களின் ஜெர்மன் ராணுவ வடிவம். ஜெர்மானியரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் ‘ஜெர்ரி’ என்று அழைத்ததால் அது ஜெர்ரி கேன் ஆனது. மேலே மூன்று பிடி இருக்கும்: ஒருவர் நடுப்பிடியிலும், இருவர் ஓரப்பிடிகளிலும் தூக்கலாம். தார்ப்பாய் என்ற சொல்லையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். டார்பாலின் என்ற அயற்சொல்லைத் ‘தார்’ என்றும் ‘பாய்’ என்றும் பிரித்து நம் மக்கள் தமிழாக்கியே விட்டார்கள். எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை.

சரி, டிஸ்போசலுக்குத் தமிழ் என்ன?

புழக்கத்தில் இருப்பவற்றை முதலில் பார்க்கலாம். அலுவலகங்களில் ‘கண்டம்’ என்ற சொல் உண்டு. “பஸ் கண்டம் ஆயிடுச்சு” என்பது போக்குவரத்துக் கழகப் பேச்சு. பயன்படாது என்று தீர்ப்பெழுதுவதைக் குறிக்கும் ‘கண்டெம்’ என்ற ஆங்கிலச் சொல்லே இப்படி உருமாறியது. தமிழில் ஏற்கெனவே கண்டம் என்றால் துண்டு. ஜோசியர் சொல்கிற ‘தண்ணியில கண்டம்’ என்றால் உயிராபத்து. இரண்டும் சேர்ந்து, வண்டிக்கு ஏதோ கேடு வந்துவிட்டது என்ற தொனியை இந்தச் சொல்லுக்குக் கொடுத்துவிட்டன. உடைக்கப்போகிற வண்டிக்கு இது பொருந்தும். நாளைக்கு மலையேறப்போகிற வண்டிக்குப் பொருந்தாது.

அரசு அறிவிப்புகளில் வருவது ‘கழிவு செய்யப்பட்ட வாகனங்கள்’. காவல்துறை ஏல அறிவிப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இலக்கணப்படி தவறில்லை. கழித்தல் என்றால் கணக்கில் குறைத்தல். புத்தகக் கடையில் ‘10 விழுக்காடு கழிவு’ என்று எழுதுவதும் அதே கழிவுதான். பதிவேட்டிலிருந்து கழித்துவிட்ட வண்டி என்று எழுத்தர் சொல்ல வருகிறார். ஆனால் படிக்கிறவர் மனதில் முதலில் வருவது கழிவுநீரும் கழிவறையும். நல்ல வண்டி ஒன்று அறிவிப்பிலேயே குப்பையாகிவிடுகிறது. இந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘உபரி’ 1945ஆம் ஆண்டு வண்டிகளுக்குச் சரி. போர் நின்றதால் தேவைக்கு மிஞ்சிப்போனவை அவை. வயதானதால் வெளியே வருகிற சக்திமான் உபரி ஆகாது. பழைய இரும்புக்கு வெளியூர்களில் காயலான் கடை, இங்கே ஆக்கர் கடை. ஆக்கர் என்பது எடை போட்டு விற்கிற சாமான். டிஸ்போசல் வண்டியை யாராவது ஆக்கர் என்று சொன்னால் உரிமையாளர் சண்டைக்கே வருவார்.

நம்மிடம் கைவசம் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. பணி முடித்து வந்தவரை அரசே ‘முன்னாள் படைவீரர்’ என்று அழைக்கிறது. நாகர்கோவிலில் அவர்களுக்கான நல அலுவலகமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வண்டியையும் ‘முன்னாள் படைவண்டி’ என்று சொல்லலாம். விற்கிற செயலுக்குப் ‘படைப்பொருள் விடுவிப்பு’, ஏலத்துக்கு ‘விடுவிப்பு ஏலம்’. படை தன் பொறுப்பிலிருந்து விடுவித்தது, இன்னொருவர் பொறுப்பில் கொடுத்தது. லத்தீன் வேரில் இருந்த பொருளும் இதில் தங்குகிறது. வந்த விதத்தை வைத்துப் பெயரிடாமல் செய்த பணியை வைத்துப் பெயரிடுவது குமரிக்குப் புதிதும் இல்லை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கவும் படை பழக்கவும் செய்து, 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கு உழைத்தார். கோட்டைக்குள் இருக்கிற அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. போர்க்கைதியாக வந்தவரை மக்கள் அழைத்த பெயர் வலிய கப்பித்தான்.

சட்டமும் இந்தப் பெயருக்கு ஒத்துப்போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 60ஆம் பிரிவு பாதுகாப்புப் படை வண்டிகளின் பதிவைத் தனியாக வைக்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி, அதையடுத்து வண்டி படைக்கு வந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று தொடங்குகிற அந்த எண், படைப்பணி முடிந்ததும் செல்லாது. மற்ற வண்டிகளைப் போல வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். நாகர்கோவிலென்றால் டிஎன் 74, மார்த்தாண்டமென்றால் டிஎன் 75. 50 வயது தாண்டிய ஜீப்பைப் பழம்பெரும் வண்டியாக ‘விஏ’ எழுத்தோடு பதியவும் 2021 முதல் விதி இருக்கிறது, ஆனால் அதை வைத்துச் சரக்கோ சவாரியோ ஏற்றிச் சம்பாதிக்கக் கூடாது.

2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, அவை உடைப்புக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கைகளில் ஈடுபடுகிற கவச வண்டிகளுக்கும் சிறப்பு வண்டிகளுக்கும் மட்டும் விலக்கு. ஆகவே இனி இரண்டு தனிச்சொற்கள் தேவை. உடைப்புக்கூடம் போகிற அலுவலக ஜீப்புக்கு ‘உடைப்புக்கு விட்டது’ என்று எழுதலாம். புதுப் பதிவு எண்ணோடு ரோட்டுக்கு வருகிற சக்திமானுக்கு முன்னாள் படைவண்டி. பேச்சில் டிஸ்போசல் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், கேட்கிறவருக்குப் புரிகிறது. ஏல அறிவிப்பு, செய்தி, விற்பனை ஒப்பந்தம் இந்த மூன்றிலாவது ‘கழிவு’ என்று எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம்.